ஐம்பத்தொன்று

டெய்ட்டனில் ஜனவரி. வேன் கதவு உறைந்து திறக்கவில்லை.
அன்றிரவுதான் கம்பெனியைத் திறந்து பார்த்தோம்
சமையலறை மேசையில், உப்பு டப்பாவை நகர்த்திவிட்டு.

அறுபது அவர். நாற்பது நான்.
பதினொரு வருடம் முன்னால் யாரோ ஒரு வக்கீல்
வேறு யாருடைய பத்திரத்திலோ பெயரை மட்டும் மாற்றித் தந்தது.
யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
விலை சொல்வது நான்.
ஆள் எடுப்பது, நிறுத்துவது, நிறுத்திவிட்டு வேனில் அழுவது நான்.
பல் ஆஸ்பத்திரித் தரைக்கு எத்தனை பூச்சு மெழுகு என்று
வாசலில் நின்றே சொல்லிவிடுவேன்.

அரசாங்கக் கட்டடங்களைத் துடைக்க
பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கென்று
தனியாக ஒரு வரிசை இருக்கிறதாம்.
இலவச ஆலோசகர் டெனிஸ், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து,
"பெண் என்பதில் சந்தேகமில்லை," என்றாள்,
"நடத்துகிறாய் என்பதற்குக் காகிதம் எங்கே?"

குடியுரிமைச் சான்று. வரிக் கணக்குகள்.
காசோலையில் யார் கையெழுத்து.
முழுநேரமும் நீ இதில்தான் இருக்கிறாயா.
(இல்லை. காலையில் ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டர்.
வீட்டுக்கே காப்பீடு தந்த நாற்காலி.
பிப்ரவரியில் எழுந்துவிட்டேன் அதிலிருந்து.)
பிறகு, ஐம்பத்தொரு சதவீதம்.
பாதிக்குப் பாதி போதாது.

"ஒண்ணுதானே," என்றார் பரிதி.
மொய் எழுதும்போது நூறோடு ஒட்ட வைப்போமே,
பூஜ்யத்தில் முடியக் கூடாதென்று ஒரு ரூபாய்,
அந்த ஒன்று.
அதற்காக நாலு நாள் எங்கள் வீட்டில்
தட்டுகள் மட்டும் பேசிக்கொண்டன.

ஏழாம் பக்கம் அதைவிட மோசம்.
இருவருக்கும் ஒத்துவராவிட்டால்
இறுதி முடிவு இளம்பரிதியுடையது.
டெனிஸ் பென்சிலால் வட்டம் போட்டாள்.
"அவர் வேண்டாமென்றால் உன்னால் செய்ய முடியுமா?"
போன் ஸ்பீக்கரில் இருந்தது.
பரிதி கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.
கரண்டி பாதி வட்டத்தில் நின்றது.
நான் சொல்ல வேண்டிய பதில் ஒரு சொல்.
சொன்னேன்.
அந்தத் தோசை அடியில் கருகியது,
அதை அவரே தின்றார்.

மறுநாள் அவராகவே வந்து கையெழுத்துப் போட்டார்,
பேனாவைத் திருப்பித் தராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
"வேன் யார் பேர்ல?" என்று கேட்டார்.
"கம்பெனி பேர்ல."
"அப்ப பாதிக்கு மேல உன்னோடது."
"டயர் தேஞ்ச பாதி," என்றேன். சிரித்துவிட்டார்.

சான்றிதழ் மே மாதம் வந்தது, மின்னஞ்சலில்,
மின்கட்டண ரசீதுக்கும் ஒரு கூப்பனுக்கும் நடுவே.
அது வேலை இல்லை. வரிசையில் நிற்க ஒரு இடம், அவ்வளவுதான்.
எனக்கு முன்னால் நின்றவள் கொலம்பஸ்காரி,
எட்டு வேன் வைத்திருக்கிறாள்.

முதல் டெண்டர், மூன்று மாடி, வாரம் ஐந்து இரவு.
இருநூற்றுப் பன்னிரண்டு டாலரில் போனது.
படிக்கட்டுகளை இரண்டு தரம் கூட்டியிருக்கிறேன்.
பரிதி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் தேநீர் வைக்கப் போனார்.
இந்தத் தப்பில் அவருக்கு நாற்பத்தொன்பது கிடையாது.
முழுக்க என்னுடையது.
அதை யாருக்கும் விட்டுத் தர
அன்றைக்கு எனக்கு மனசே வரவில்லை.

அடுத்தது தபால் அலுவலகம்.
பதினோராயிரத்து நானூறு சதுர அடி,
பாதி ஓடு, பாதி லினோலியம்,
வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும்.
படிக்கட்டு இருக்கிறதா என்று
போய் எண்ணிவிட்டு வருகிறேன்.